கிளையண்டின் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் எண்ணை எழுதுங்கள்

பெங்களூரில் ஆர்ட்டிகிள் பயிற்சியின் (சி.ஏ. படிப்பவர்கள் ஆடிட் ஆபீஸில் பெறும் பயிற்சி) இரண்டாம் வருடத்தில் இருக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: “ஆடிட் ஸ்டாண்டர்டு எல்லாம் படிக்கிறோம், செக்லிஸ்ட் எல்லாம் டிக் பண்றோம். அப்படியும் பெரிய தவறுகள் எங்கள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. சீனியர்கள் ‘அது மனசு சம்பந்தப்பட்டது’ என்கிறார்கள். கணக்கு வேலையில் மனசு எங்கே வருகிறது? என் மட்டத்தில் நான் என்ன செய்ய முடியும்?”

ஒரு தவறு கண்ணில் படாமல் போனால் நாம் வழக்கமாக இரண்டு காரணம்தான் சொல்வோம். ஒன்று, ஆடிட்டருக்கு விஷயம் தெரியவில்லை. இல்லையென்றால், தெரிந்தே விட்டுவிட்டார். நடைமுறையில் இந்த இரண்டையும்விட அதிகமாக நடப்பது வேறு. விஷயம் தெரிந்த, நேர்மையான ஒருவர், எதை முதலில் பார்த்தாரோ அதன் பிடியிலேயே கடைசிவரை இருந்துவிடுகிறார். ‘இனி கவனமாக இருப்பேன்’ என்று தீர்மானித்துக்கொள்வதால் இது மாறாது. வேலை செய்யும் வரிசையை மாற்றினால்தான் மாறும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த வரிசையைப் பற்றித்தான்.

1974இல் ‘சயின்ஸ்’ இதழில் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றி எண் வரவைத்து, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 வந்த குழுவின் நடுமதிப்பு 25. 65 வந்த குழுவுக்கு 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் அந்த எண் பதிலை இழுத்துவிட்டது. ‘சாதாரண மக்கள் அப்படி, ஆடிட்டர்கள் மாட்டமாட்டார்கள்’ என்று நினைக்க வேண்டாம். 1981இல் ஜாய்ஸும் பிடிலும் ஆடிட்டர்களையே வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவிடம், மேனேஜ்மென்ட் மோசடி 1,000 கம்பெனிக்கு 10க்கு மேல் இருக்குமா என்று கேட்டுவிட்டு, உங்கள் மதிப்பீடு என்ன என்றார்கள். இன்னொரு குழுவிடம் 10க்குப் பதில் 200 என்று கேட்டார்கள். முதல் குழுவின் சராசரி மதிப்பீடு சுமார் 16.5. இரண்டாவது குழுவுடையது சுமார் 43. தினமும் மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள்.

நம் ஆபீஸ்களில் அந்தச் சக்கரத்தின் இடத்தில் இருப்பது போன வருட ஃபைல். அதை ரோல் ஃபார்வர்டு செய்து, அதாவது இந்த வருடத்துக்கு நகலெடுத்துத் திறந்ததுமே போன வருட எண் ஒரு நெடுவரிசையில், இந்த வருட எண் அடுத்த நெடுவரிசையில், வித்தியாசம் மூன்றாவதில். அந்த நிமிடமே உங்கள் எதிர்பார்ப்பு தீர்மானமாகிவிட்டது.

ஒரு உதாரணக் கணக்கு. பொம்மசந்திராவில் 118 பேர் வேலை பார்க்கும் ஒரு தொழிற்சாலை. போன வருடச் சம்பளச் செலவு 4.18 கோடி. இந்த வருட லெட்ஜரில் 4.65 கோடி. ஏற்றம் 11 சதவீதம். ‘ஜூலையில் 8 சதவீத இன்க்ரிமென்ட், மீதி ஓவர்டைம்’ என்கிறார் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். ஒர்க்கிங் பேப்பரில் (ஆடிட்டர் தன் வேலையைப் பதிவு செய்யும் தாள்) ‘நியாயமானது’ என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். இப்போது போன வருட எண்ணை மூடிவைத்துவிட்டு, ஆட்களிலிருந்து தொடங்குங்கள். ஏப்ரலில் 118 பேர், சராசரிச் சம்பளம் மாதம் 29,500. மூன்று மாதத்துக்கு 1.04 கோடி. ஜூலையில் இன்க்ரிமென்ட்டுக்குப் பிறகு 31,860, அந்த ஒரு மாதம் 37.6 லட்சம். ஆகஸ்டில் ஒரு ஷிஃப்டை நிறுத்தியதால் 23 பேர் போய்விட்டார்கள். அக்டோபர்வரை 95 பேர், மூன்று மாதம் 90.8 லட்சம். நவம்பரில் 6 பேர் சேர்ந்து 101 பேர், மார்ச்வரை ஐந்து மாதம் 1.61 கோடி. கூட்டினால் 3.94 கோடி. லெட்ஜரோடு இடைவெளி 71 லட்சம். அது போனவர்களுக்குக் கொடுத்த செட்டில்மென்ட்டாக இருக்கலாம், போனஸாக இருக்கலாம், இல்லாத ஆட்கள் பேரில் போன சம்பளமாகவும் இருக்கலாம். எது என்பது விசாரித்தால்தான் தெரியும். முதல் வழியில் போயிருந்தால் விசாரிக்கவே தோன்றியிருக்காது.

ஆட்களின் எண்ணிக்கையை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். எச்.ஆர். அனுப்பும் எக்ஸல், லெட்ஜர் வந்த அதே வீட்டிலிருந்து வருகிறது. பி.எஃப்.புக்கு மாதம்தோறும் தாக்கல் செய்யும் இ.சி.ஆர். சலானில் மாதாமாதம் எத்தனை பேர் இருக்கிறார்கள், பேங்குக்குப் போன சம்பளப் பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். பி.எஃப். வரம்புக்கு மேல் சம்பளத்தில் சேர்ந்தவர்கள் சலானில் இல்லாமல் இருக்கலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை முடித்து, உங்கள் எண்ணை எழுதி, தேதி போட்டுவிட்டு, பிறகு லெட்ஜரைத் திறங்கள். எவ்வளவு வித்தியாசம் வந்தால் விசாரிப்பீர்கள் என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். வித்தியாசத்தைப் பார்த்த பிறகு வரம்பை முடிவு செய்தால், அந்த வரம்பு எப்போதும் வித்தியாசத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வந்து நிற்கும்.

இதே இழுப்பை மார்ச் 31 அன்று பீன்யாவில் ஸ்டாக் எண்ணும்போது கண்ணாலேயே பார்க்கலாம். கம்பெனி கொடுக்கும் ஷீட்டில் ஐட்டம், ரேக் எண், புத்தக அளவு மூன்றும் அச்சாகியிருக்கும். ஸ்டோர்கீப்பர் அண்ணன் பின் கார்டை (ரேக்கில் இருக்கும் இருப்பு அட்டை) பார்த்துக்கொண்டே, “தம்பி, இதுல 480 இருக்கணும், எண்ணிப் பாருங்க” என்பார். அவர் உதவிக்குத்தான் சொல்கிறார். ஆனால் 480 காதில் விழுந்தபின், 465இல் எண்ணிக்கை நின்றால் ‘எங்கேயோ விட்டுவிட்டோம்’ என்று மறுபடி எண்ணுவீர்கள். 480 வந்துவிட்டால் மறுபடி எண்ண மாட்டீர்கள். ஒரு பக்கத் தவறு மட்டும் திருத்தப்படுகிறது, மறுபக்கத் தவறு அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே புத்தக அளவு இல்லாத ஷீட்டை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்: ஐட்டம் கோடு, இடம், அலகு, காலிக் கட்டம், அவ்வளவுதான். அலகு கட்டாயம் இருக்கட்டும். ராடுகள் புத்தகத்தில் கிலோவிலும் தரையில் எண்ணிக்கையிலும் இருந்து வரும் குழப்பம் சாதாரணமாக நடப்பது. ஷீட்டிலிருந்து தரைக்குப் பாதி, தரையில் கண்ணில் படும் பொருளிலிருந்து ஷீட்டுக்குப் பாதி என்று இரு திசையிலும் எண்ணுங்கள். முதல் திசை இல்லாத சரக்கைக் காட்டிக்கொடுக்கும், இரண்டாவது கணக்கில் ஏறாத சரக்கை. கிளம்புவதற்கு முன் கடைசியாகப் போட்ட ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததற்கான ரசீது) எண்களையும் டெலிவரி சலான் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப், அதாவது எந்தச் சரக்கு எந்த வருடக் கணக்கில் சேரும் என்று பார்க்கும்போது யாருடைய விளக்கமும் இல்லாமல் நிற்கும் சாட்சி அது ஒன்றுதான்.

இரண்டாவது பெரிய வழுக்கல், ஒரு விளக்கத்தை ஏற்றுக்கொண்டபின் அதற்கு ஆதரவானதையே தேடுவது. 62 லட்சம் ரூபாய் பாக்கி, 210 நாள் ஆகிவிட்டது. “பார்ட்டி நல்ல பார்ட்டி சார், தரத்துல சின்ன தகராறு, அடுத்த மாசம் வந்துடும்” என்கிறார்கள். ‘அடுத்த மாதம் பணம் அனுப்புகிறோம்’ என்ற ஒரு இமெயில், ஒரு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் இரண்டும் ஃபைலில் ஏறும். கன்ஃபர்மேஷன், பாக்கி இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. பணம் வரும் என்பதற்கு அதில் சாட்சி கிடையாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஃபைல் கனமாகத் தெரியும், கேள்விக்குப் பதில் இருக்காது.

இங்கேயும் வரிசைதான். கிளையண்ட்டிடம் காரணம் கேட்பதற்கு முன்னால், இந்தப் பணம் வராமல் இருக்க என்னென்ன காரணம் இருக்கலாம் என்று நீங்களே மூன்று எழுதுங்கள். ஒரு விளக்கம் காதில் விழுந்தபின் இன்னொன்றை யோசிப்பது மிகக் கடினம். அதன்பின் இப்படிக் கேளுங்கள்: ‘இவர்கள் சொல்வது தவறாக இருந்தால் நான் எதையெல்லாம் பார்த்தாக வேண்டும்?’ ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் போன வருட இன்வாய்ஸ்களுக்குக் கிரெடிட் நோட் போட்டிருக்கிறார்களா? வாங்கியவர் டெபிட் நோட் அனுப்பியிருக்கிறாரா? அந்தப் பார்ட்டிக்குப் புது ஆர்டர் எப்போது நின்றது? நின்ற தேதி தகராறு தேதிக்கு முன்பா பின்பா? பழைய பாக்கி அப்படியே இருக்க, புதிய பில்லுக்கு மட்டும் பணம் வருகிறதா? திவால் நடவடிக்கை அறிவிப்பில் அந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதா? ஜி.எஸ்.டி.யில் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராத வாங்குபவர், எடுத்த வரிக் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். 210 நாள் கடந்தும் வாங்குபவரிடமிருந்து அதைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை என்றால், அவர் கணக்கில் அந்த இன்வாய்ஸ் எப்படி நிற்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. இத்தனைக்கும் பதில் கிளையண்ட்டுக்குச் சாதகமாகவே வந்தால் நல்லது, அந்த 62 லட்சம் இப்போது சோதிக்கப்பட்ட 62 லட்சம்.

சாம்பிள் விஷயத்தில் மனம் வேறு மாதிரி ஏமாற்றுகிறது, சின்ன எண்ணிக்கைக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்துவிடுகிறது. ‘25 வவுச்சர் பார்த்தோம், ஒரு தவறும் இல்லை’ என்றால் எல்லாம் சுத்தம் என்று தோன்றும். கணக்குப்படி, சீரற்ற முறையில் எடுத்த 25இல் தவறு பூஜ்யம் என்றால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது ‘மொத்தத்தில் தவறு சுமார் 11 சதவீதத்துக்குள்’ என்பது மட்டுமே. 60இல் பூஜ்யம் என்றால் சுமார் 5 சதவீதத்துக்குள். அதுவும் சீரற்ற முறையில் எடுத்திருந்தால்தான். ‘கண்ணில் பட்டதை’ எடுக்கும்போது கை தானாகவே பக்கத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் தவிர்க்கும், கிடைக்காத வவுச்சர் இருக்கும் மாதத்தைத் தவிர்க்கும். எக்ஸலில் ரேண்டம் எண் போட்டு, மதிப்பாக ஒட்டி, அந்தப் பட்டியலைச் சேமித்துவிடுங்கள். பட்டியல் வந்தபின் ஒன்றையும் மாற்றக் கூடாது.

தவறு ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த ஆபத்து. 8 கோடியில் 80 லட்சத்துக்கு சாம்பிள் எடுத்து 1.6 லட்சம் தவறு கண்டால், கிளையண்ட் உடனே “அதைத் திருத்திடறோம் சார்” என்பார். எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் பார்க்காத 7.2 கோடியில் அதே விகிதத்தில் தவறு இருந்தால் மொத்தம் 16 லட்சம். ‘இது தனிப்பட்ட ஒரு நிகழ்வு’ என்று ஒதுக்க, சாம்பிள் பற்றிய ஆடிட் ஸ்டாண்டர்டான எஸ்.ஏ. 530 உயர்ந்த அளவு உறுதியைக் கேட்கிறது. புதுப் பையன் போட்ட என்ட்ரி என்பது அந்த உறுதி ஆகாது. அந்தப் பையன் போட்ட எல்லா என்ட்ரியையும் பார்த்தால் ஆகலாம்.

இனி கணக்கு எழுதும் பக்கம். 1997இல் பர்க்ஸ்டாலரும் டிச்செவும் அமெரிக்கக் கம்பெனிகளின் லாப எண்களை வரிசைப்படுத்தினார்கள். பூஜ்யத்துக்குச் சற்று கீழே, அதாவது சிறு நஷ்டம் காட்டியவை, இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு. சற்று மேலே, சிறு லாபம் காட்டியவை, மிக அதிகம். போன வருட லாபத்தை ஒட்டியும் இதே வடிவம் வந்தது. நஷ்டம் தரும் வலி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது. அதனால்தான் பூஜ்யமும் போன வருட லாபமும் மேனேஜ்மென்ட்டை இழுக்கும் கோடுகளாகிவிடுகின்றன. கிளையண்ட்டின் லாபம் இந்த இரண்டு கோடுகளில் ஏதாவது ஒன்றை மயிரிழையில் தாண்டியிருந்தால், ப்ரொவிஷன்களையும் (வரக்கூடிய செலவுக்கு ஒதுக்கிய தொகைகள்) மார்ச் கடைசி வார ஜர்னல் என்ட்ரிகளையும் இன்னும் நெருக்கமாகப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் எடிட் லாக் (எந்த என்ட்ரி எப்போது போடப்பட்டது, மாற்றப்பட்டது என்ற பதிவு) கட்டாயம். ஏப்ரலிலோ மேயிலோ உட்கார்ந்து மார்ச் தேதியில் போட்ட என்ட்ரிகளை அதிலிருந்து எடுக்கலாம்.

சிறு இடைவெளி பெரிதாகும் விதத்துக்குச் சத்யம் கம்ப்யூட்டர்ஸைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று அந்த ஐ.டி. கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, செயல்பாட்டு லாபம் 649 கோடி. உண்மையில் இருந்தது 2,112 கோடியும் 61 கோடியும். காட்டிய கேஷ், பேங்க் இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. இடைவெளி ஆரம்பத்தில் மிகச் சிறியது என்றும் வருடங்களில் வளர்ந்தது என்றும் அதே கடிதம் சொல்கிறது. புலிவாலைப் பிடித்த நிலை: ஒரு காலாண்டில் கூட்டிக் காட்டிய லாபம், அடுத்த காலாண்டில் அதைவிடக் கூட்டிக் காட்டச் சொல்லும். ஒவ்வொரு படியும் முந்தைய படியோடு ஒப்பிட்டால் சிறிது. அதனால்தான் ஒவ்வொரு வருடத்தையும் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடும் ஆடிட் இதைப் பிடிக்காது.

சத்யத்தின் ஆடிட் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை 2011இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி. பதிவு செய்திருக்கிறது: பேங்க் கன்ஃபர்மேஷன் கடிதங்களை அனுப்புவதும் திரும்பப் பெறுவதும் ஆடிட்டர்களின் கட்டுப்பாட்டில் இல்லை, கம்பெனி மேனேஜ்மென்ட் வழியாகப் போய் வந்தன. கட்டுப்பாடு ஆடிட்டரிடம் இருக்க வேண்டும் என்ற விதி தெரியாதவர்கள் இல்லை. பல வருடப் பழக்கம், பெயர் பெற்ற கம்பெனி, கேட்டவுடன் கிடைக்கும் காகிதம் எல்லாம் சேர்ந்து அந்தக் கேள்வியை எழவிடாமல் செய்துவிடும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 139(2) பிரிவு, பட்டியலிட்ட கம்பெனிகளிலும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகளிலும், தனி ஆடிட்டரை 5 வருடத்திலும் ஃபர்மை 10 வருடத்திலும் மாற்றச் சொல்வது இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான். ஆனால் புது ஃபர்ம் வந்ததும் பழைய ஃபர்மின் எண்களிலிருந்தே தொடங்கினால் பாதிப் பயன் போய்விடும்.

மதிப்பீடுகளில் கைகொடுப்பது பின்னோக்கிய பார்வை. பெங்களூர் ஸ்டார்ட்-அப் ஒன்று தன் முதலீட்டின் மதிப்பு குறையவில்லை என்று காட்ட ஐந்து வருட வருமானக் கணிப்பைத் தரும். அதை அலசுவதற்கு முன், கடந்த மூன்று வருடங்களில் அவர்களே கொடுத்த கணிப்புகளை எடுத்து, நடந்ததோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்று முறையும் நடந்தது கணிப்பில் 60 சதவீதம்தான் என்றால், நான்காவது கணிப்புக்கு முழு மதிப்பெண் போட என்ன காரணம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். முந்தைய மதிப்பீடுகளை இப்படி ஒருபக்கச் சாய்வுக்காகப் பார்க்க வேண்டும் என்று மோசடி பற்றிய ஆடிட் ஸ்டாண்டர்டான எஸ்.ஏ. 240 கேட்கிறது. பல ஃபைல்களில் இது ஒரே வரியில் முடிந்துவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அரை நாள் வேலை, இவ்வளவு சொல்லும் வேலை வேறு இல்லை.

சாஃப்ட்வேரைப் பற்றிச் சுருக்கமாக: ஜி.எஸ்.டி.ஆர்.-2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்ததிலிருந்து வரும் வரிக் கிரெடிட் பட்டியல்) ஒப்பீட்டில் 98 சதவீதம் பொருந்தியது என்று திரையில் வந்தால், மீதி 2 சதவீதத்தின் ரூபாய் மதிப்பை முதலில் பாருங்கள். பொருந்தியவற்றிலும் சிலவற்றைக் கையால் சரிபாருங்கள். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஆடிட் ஸ்டாண்டர்டான ஐ.எஸ்.ஏ. 220இன் திருத்தப் பதிப்பு, இயந்திரம் சொன்னதை அப்படியே நம்புவதையும் முதல் எண்ணின் பிடியையும் குழுவோடு ஒத்துப்போவதையும் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. பெங்களூரிலிருந்து வெளிநாட்டு ஆடிட்களுக்கு வேலை செய்யும் சென்டர்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே கையில் வருவது ஆடிட்டின் ஒரு துண்டு, எதிர்பார்ப்பு எண்ணை டூலே நிரப்பிக் கொடுத்துவிடும்.

குழுவோடு ஒத்துப்போவது ஆர்ட்டிகிள்களைத்தான் அதிகம் தொடுகிறது. எங்கே மோசடி நடக்கலாம் என்று தொடக்கத்தில் டீம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி. பார்ட்னர் முதலில் “இந்தக் கிளையண்ட்டில் ரெவின்யூ ஓகே, ஸ்டாக்தான் கவனிக்கணும்” என்று ஆரம்பித்தால் கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. மற்றவர்கள் ஸ்டாக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் தாளில் எழுதி, ஜூனியரிலிருந்து வாசித்து, பார்ட்னர் கடைசியில் பேசினால் வேறு பட்டியல் வரும். இந்த முறையை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் தாளை எழுதிக்கொண்டு போக முடியும்.

கெடு தேதியான செப்டம்பர் 30 நெருங்கும்போது இத்தனையும் தளரும். கூடுதல் கேள்வி கேட்ட ஜூனியர் ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால், ‘நேரத்தை வீணடித்தான்’ என்று மதிப்பெண் குறைக்கும் மேனேஜர்கள் உண்டு. இது அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்விலும் உறுதியானது: கேள்வி சரியானதாக இருந்தும், தவறு கிடைக்காததால் மதிப்பீடு குறைந்தது. தவறு பிறகு வெளியே வந்தால் இதே மனம் தலைகீழாகத் திரும்பும், ‘இது தெரியாமல் எப்படி இருந்தீர்கள்’ என்று கேட்கும். ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் என்.எஃப்.ஆர்.ஏ. டெல்லியில் ஃபைலைத் திறந்து பார்க்கும்போது முடிவு தெரிந்த கண்ணோடுதான் பார்ப்பார்கள், மனித இயல்பு அது. அப்போது உங்களுக்காகப் பேசக்கூடியது அன்றைக்கு எழுதியது மட்டுமே. அதனால் ஒர்க்கிங் பேப்பரில் ‘விசாரித்தோம், திருப்தி’ என்று எழுதாதீர்கள். நீங்கள் எதிர்பார்த்த எண், அது எங்கிருந்து வந்தது, கிளையண்ட் எண், விளக்கம் தந்தவரின் பதவியும் தேதியும், அந்த விளக்கத்துக்கு எதிராக என்ன கிடைத்தது, அதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஆறு வரி போதும். பட்ஜெட் நேரம் முடிந்துவிட்டது, விடு என்று மேனேஜர் சொன்னால், வாதம் செய்யாமல் அந்தக் கேள்வியை ரிவ்யூ நோட்டில் திறந்த கேள்வியாகவே ஏற்றிவிடுங்கள். அதை மூடுபவர் தன் பெயரில், தன் காரணத்தை எழுதி மூடட்டும்.